எட்டாவது கணுவில் வெள்ளை வளையம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட ஒரு படி மேலாக இருந்தால் எனக்கு அது போதும். குட்டிக்குக் கடைவாய்ப் பல் வருகிறது என்றாயே, வந்துவிட்டதா? அழுதால் அழட்டும், கண்டதையும் வாங்கி ஈறில் தடவாதே, நீயும் இப்படித்தான் வீட்டை இரண்டாக்கினாய், யாரும் செத்துப்போகவில்லை. மாப்பிள்ளையை இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல், குடிக்கமாட்டார், இருந்தாலும் சொல்லிவை. என் முழங்கால் பழைய மாதிரிதான், ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போதுதான் உயிரை வாங்குகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பசிக்கிறது, தூங்குகிறார், குளிக்கிற தண்ணீர் சூடு போதவில்லை என்று சத்தம் போடுகிறார், அதனால் உடம்புக்குக் குறையில்லை என்று வைத்துக்கொள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் பேச இனி வழியில்லை கண்ணு. கண் போனதிலிருந்து உன் அப்பாவுக்குக் காது கத்தியாக இருக்கிறது, நான் குளியலறையில் பெருமூச்சு விட்டால் கூடத்திலிருந்து என்னவென்று கேட்கிறார். எழுத்து ஒன்றுதான் அவருக்கு எட்டாதது. இப்போதும் எனக்கு நேர் எதிரே, நாலு அடி தள்ளி, நாற்காலியில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, அதற்குத்தான் இது. "அப்பா ஏம்மா கேமராவைத் தூக்கிக் குடுத்துட்டாரு, நீ ஏதாவது சொன்னியா" என்று கேட்டாய். உன் அப்பா தும்மினால்கூட நான் என்ன சொன்னேன் என்றுதான் நீ கேட்பாய், பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே நீங்கள் இருவரும் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. இந்தத் தடவை நீ கேட்டது சரியான கேள்வி. ஆமாம், சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுதுகிறேன், முழுதாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

தட்டாம்பூச்சிப் பைத்தியம் பிடித்தபோது அவருக்குக் கண் நன்றாக இருந்தது, அது உனக்குத் தெரியும். குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் குழாய்ப் பாதை வரைபடம் வரைந்தவர், ரிட்டயர் ஆன மறுவாரம் நீ அனுப்பிய கேமராவை மாட்டிக்கொண்டு நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்குப் போனார், போனவர் போனவர்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமை கூடுகிற ஏழெட்டுப் பேரில் பல் டாக்டர்தான் தலைவர். யார் என்ன படம் எடுத்தாலும் அதற்குப் பெயர் இதுதான் என்று பல் டாக்டர் தலையாட்டினால்தான் குளத்துப் பட்டியலில் ஏறும். முதல் வருடமே உன் அப்பா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார், படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டது. பார்க்க நம் சாம்பல் தட்டான் மாதிரிதான், குளத்தில் நூறு திரியும். ஆனால் அதற்கு வாலில் ஒரு வெள்ளை வளையம். வால் என்று நாம் சொல்வது அதன் வயிறாம், அதில் பத்துக் கணு, மார்பிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் எட்டாவது கணுவைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி வெள்ளை. வீட்டில் அதற்கு வளையல்காரி என்றே பெயர் வைத்துவிட்டார், பிடிபட்டால் அது ஆணாகத்தான் இருக்கும் என்பதும் அவரே சொன்னதுதான். அதைப் பல் டாக்டரிடம் சொன்னபோது அவர் எல்லார் எதிரிலும் "சார், வெயில்ல வால் பளபளன்னுதான் தெரியும், நீங்க சொல்ற வகை இந்தப் பக்கமே கெடையாது, கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வருடக் கடைசியிலேயே கண்ணில் நடுப்பகுதி மங்க ஆரம்பித்தது, உன் அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. வளையல்காரியைப் படமாகப் பிடித்துப் பல் டாக்டர் மேஜையில் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று என்னிடம் சொன்னார், அதற்கு மேல் அவருக்கு வேறு ஆசை இல்லை, உன்னையும் குட்டியையும் பார்க்கிற ஆசைகூட அதற்கு அடுத்துத்தான்.

நடு மங்கி ஓரம் மட்டும் தெரிகிற கண் எப்படி என்று உனக்கு விளங்காது. கோழி மாதிரித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நேரே பார்த்தால் அந்த இடத்தில் சாம்பல் மூட்டம். அப்போது நீ போனில் என்ன சொன்னாய்? "அம்மா, அவரு கூடப் போயேன், நீதான் இனிமே அவருக்குக் கண்ணு." வாயால் சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய், வெயிலில் நின்றது நான். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, தடவிப் பார்த்துக் குச்சி நுனிக்கு நேராக வைத்துவிடுவார். தட்டான் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்கே வந்து உட்காரும், அதுதான் அதன் புத்தி. வந்து உட்கார்ந்ததும் நான் "உக்காந்துடுச்சு" என்று சொல்ல வேண்டும், அவர் பொத்தானை அமுக்குவார். பொத்தானைத் தொட எனக்கு உரிமை கிடையாது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு படமாக நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கண் என்ன நிறம், மார்பில் எத்தனை கோடு, சிறகு நுனிப் பொட்டு ஒரே நிறமா இரண்டு நிறமா, வால் நுனிக் கொக்கி மேலே வளைந்திருக்கிறதா, கணுக் கணுவாக என்ன நிறம். நான் சொல்லச் சொல்ல அவர் பெயரைச் சொல்லுவார். பெயர் வராத படத்தை அன்றைக்கே அழித்துவிடுவார், பேர் தெரியாத படம் குப்பை என்பார். அந்த அழிக்கிற பொத்தானும் அவர் விரலுக்குத்தான்.

நான் இருபத்தாறு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூல் நிறம் பொருத்தினவள். துணிக்கும் நூலுக்கும் ஒரு இழை நிறம் மாறினால் மேஜையிலிருந்தே திருப்பி அனுப்புவேன், மேனேஜர் கண்ணுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். எனக்கு இவர் நிறம் கற்றுக்கொடுத்தார். "நீலம்னா எந்த நீலம், வாயில என்ன கொழுக்கட்டையா, ஒழுங்கா சொல்லு" என்பார். "சுண்ணாம்பு பூசின மாதிரி நீலம்ங்க" என்று சொன்னால், "உன்னோட கவிதை வேணாம், நெறம் சொல்லு" என்பார். கணுவை ஒன்று தப்பாக எண்ணிவிட்டால் அன்று முழுவதும் எனக்கு அர்ச்சனை நடக்கும். ஒரு தடவை மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது, பெட்டை என்று சொல்லிவிட்டார். நான் படத்தைப் பெரிதாக்கி, வயிற்றுக்கு அடியில் இரண்டாவது கணுவில் முடிச்சு மாதிரி இருக்கிறதே, இது ஆண், இன்னும் நிறம் ஏறாத இளசு என்று சொன்னேன். எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில், இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பல் டாக்டரிடம் "இதைப் பெட்டைன்னு எல்லாரும் ஏமாந்துருவாங்க, நான் அடியில இருக்கிற முடிச்சை வெச்சுக் கண்டுபிடிச்சேன்" என்று சொன்னார். நான் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மென்று விழுங்கினேன் கண்ணு, அந்த மூன்று வருடத்தில் நான் விழுங்கியது கொஞ்சமில்லை.

குளத்துத் தட்டான்களைப் பற்றிச் சின்னப் புத்தகம் போட்டார்கள், உனக்கும் ஒன்று வந்ததே. நாற்பத்தொரு வகை, அதில் பத்தொன்பது படம் உன் அப்பாவுடையது. நீ போனில் "அப்பா, நீங்க ஜீனியஸ்" என்று கத்தினாய், அது எனக்கு இங்கே கேட்டது. அந்தப் பத்தொன்பதில் பெயர் சரியாக இருப்பது எல்லாமே நான் சொல்லித்தான், பதினொன்றாவது பக்கத்தில் தப்பாக இருக்கிற ஒன்று மட்டும் அவர் என் பேச்சைக் கேட்காமல் வைத்த பெயர். நூலகத்து அரங்கில் கூட்டம் வைத்தார்கள், எண்பது பேர் இருக்கும், இவரை மேடையில் உட்காரவைத்தார்கள். நான் முன்வரிசையில். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "சார், உங்களுக்குப் பார்வை கம்மின்னு சொன்னாங்க, அப்ப மேடம்தானே எல்லாத்தையும் பாத்துக் கண்டுபிடிக்கிறாங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். என்ன சொல்லுவார் என்று அப்பா வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா மைக்கைத் தடவி எடுத்து, "அவ என் மூக்குக் கண்ணாடி மாதிரிம்மா. கண்ணாடி வழியா பாக்கலாம், கண்ணாடிக்கு என்ன தெரியும்?" என்றார். எண்பது பேரும் சிரித்தார்கள். பல் டாக்டர் இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது, "கூட்டம் நல்லா ரசிச்சுது இல்ல?" என்று என்னிடமே கேட்டார். ஆமாங்க என்றேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை வளையல்காரி வந்தது. காலை பத்து மணி இருக்கும், குளத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. குச்சி நுனியில் ஒரு சாம்பல் தட்டான் எழுந்து போனது, திரும்பி வந்து உட்கார்ந்தது அது இல்லை. சாம்பலில் ஒரு சொட்டு ஊதா கலந்த நிறம், எட்டாவது கணுவைச் சுற்றி வெள்ளை, பால் வெள்ளை இல்லை, நாங்கள் தொழிற்சாலையில் எலும்பு வெள்ளை என்போமே அது. வளையம் முழுசாகச் சுற்றி வந்திருந்தது, நகத்தால் கோடு போட்ட மாதிரி ஓரம் சுத்தமாக இருந்தது. படம் தேவையில்லை, என் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. "உக்காந்துடுச்சு" என்று மட்டும் சொன்னேன். ஆறு தடவை அமுக்கினார். என்னது என்று கேட்டார். "சாம்பல்தாங்க" என்றேன். திட்டம் போட்டுச் சொன்னதாக நினைக்காதே, வாய் தானாகச் சொன்னது. ஆனால் அதை மாற்றிச் சொல்ல எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது, பஸ்ஸில் வந்தோம், சாப்பிட்டோம், அவர் மாத்திரை எங்கே என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன், எல்லாம் செய்தேன், இதை மட்டும் சொல்லவில்லை. அதனால் வாய் தவறி வந்தது என்று நீ எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

கம்ப்யூட்டரில் போட்டபோது ஆறில் நாலு படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. மூன்று வருடத்தில் அவர் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். பக்கவாட்டு வெயில், சிறகு நுனிப் பொட்டில் இரண்டு நிறமும் பிரிந்து தெரிந்தது, கொக்கி தெரிந்தது, வளையம் தெரிந்தது. வழக்கம்போல் கேட்டுக்கொண்டே வந்தார். பொட்டு? ஒரே கறுப்பு என்றேன். ஏழாவது கணு? சாம்பல். அடுத்ததைக் கேட்கும்போது ஒரு நிமிடம் நிறுத்தினார், எப்போதும் அப்படித்தான், அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். "எட்டு?" சாம்பல் என்றேன். முகத்தைத் திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோனார், தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "நல்லா பாத்துச் சொல்லு, எதோ வெளுப்பா இருக்கற மாதிரி..." என்றார். "வெயில் பளபளப்புங்க" என்றேன். பல் டாக்டர் சொன்னதையேதான் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாம்பல் தட்டான் படம் எங்களிடம் ஏற்கெனவே குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றாக ஆறு படத்தையும் அவரே அழித்தார். நான் தடுக்கவில்லை, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வீண். சந்தோஷமாக இருந்தது கண்ணு. கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. அன்று பிற்பகல் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வளையல்காரியை மறுபடி காட்டிவிடலாம் என்று நான் எண்ணியதும் உண்டு. இன்னும் நாலைந்து நாள் ஏங்கட்டும், அப்புறம் "அய்யோ, வந்துடுச்சுங்க" என்று கத்திவிடலாம், அழுதாலும் அழுவார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரம் குளத்தில் தூர் வார இயந்திரத்தை இறக்கிவிட்டார்கள். தண்ணீரை இறைத்துச் சேற்றை அள்ளிக் கரையில் கொட்டினார்கள். அந்தச் சேற்றில்தான் குஞ்சுகள் எல்லாம் இருக்குமாம், வருடக்கணக்கில் நீருக்குள் வளர்ந்துதான் மேலே வந்து சிறகு முளைக்குமாம். எல்லாம் வெயிலில் காய்ந்து நாறியது. இப்போது கரை ஓரம் முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள், சாம்பல் தட்டான்கூட வரவில்லை. அதே சமயம் கண் டாக்டர், ஓரத்துப் பார்வையும் இந்த வருடத்துக்குள் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அதை உனக்கு அப்பா சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

கேமராவைக் கொடுத்த கதை இதுதான். பல் டாக்டர் பார்க்க வந்தார், நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன், கூடத்தில் பேசுவது கேட்டது. உன் அப்பா சொன்னார், "டாக்டர், அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. அது இங்க இல்ல. நான்தான் தப்பா பாத்துட்டேன்." உன் அப்பா வாயில் நான்தான் தப்பு என்கிற வார்த்தை, கண்ணு. அதைக் கேட்கத்தான் நான் நாற்பத்தொரு வருடம் காத்திருந்தேன். ஒருநாள் அடுப்படிப் பக்கம் வந்து நின்று, நான் தப்பாப் பேசிட்டேன் என்று என்னிடம் சொல்லுவார் என்று முட்டாள்தனமாகக் காத்திருந்தேன். வந்தது, ஆனால் பல் டாக்டருக்கு வந்தது, அதுவும் அவர் சரியாகப் பார்த்த ஒரே விஷயத்துக்காக வந்தது. டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் காட்ட என்ன இருக்கிறது? படம் இல்லை, குளம் இல்லை. பல் டாக்டர் என்னை ஒரு மாதிரியாகவும் அவரை ஒரு மாதிரியாகவும் பார்த்துவிட்டுப் போயிருப்பார். கேமராவையும் ஸ்டாண்டையும் அப்பா அவரிடமே கொடுத்தனுப்பினார். அந்தக் குச்சியைக்கூடக் கொடுத்துவிட்டார்.

நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டாயே, இவ்வளவுதான் சொன்னேன். உனக்கு ஏன் எழுதினேன் என்றால், இதை நான் ஒருத்தியாக வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. என்னைக் கண் ஆக்கி வைத்தது நீ, கண் பார்த்ததில் உனக்கும் பங்கு உண்டு. அவரிடம் சொல்லுவதும் சொல்லாததும் இனி உன் பாடு. சொன்னால், இருக்கிற நாளெல்லாம் அந்த ஆறு படத்தையும் நினைத்து நினைத்து உருகுவார், அழித்தது அவர் கைதானே. சொல்லாவிட்டால், தன் கண் தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேருவார். நான் இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிகிறதா பார். என் மேல் கோபப்படு, திட்டு, ஆனால் வருத்தப்படுகிறாயா அம்மா என்று மட்டும் கேட்காதே. வருத்தம் உண்டு, அதோடு அந்தப் பிற்பகல் தூங்கிய தூக்கமும் உண்டு, இரண்டும் என்னோடேதான் இருக்கின்றன.

இப்போது அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டார். "யாருக்கு இவ்ளோ நேரமா கிறுக்கற?" என்று கேட்டார். உனக்குத்தான் என்றேன். "படி, கேக்கறேன்" என்றார். படித்தேன். குட்டி பல், மாப்பிள்ளை இருமல், என் முழங்கால், மாடி வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை வீட்டைக் காலி செய்தது, இனி நாற்காலி இழுக்கிற சத்தம் இருக்காது, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று, இந்தக் காகிதத்தில் பாதி இல்லாததை வரி வரியாகப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவர் காலி செய்தது செவ்வாய் இல்லை புதன் என்று நடுவில் திருத்தினார், திருத்திக்கொண்டேன் என்று சொன்னேன். தானும் கடைசியில் இரண்டு வரி எழுத வேண்டுமாம், பேனாவைக் கேட்டுக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், குட்டி தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அவளுக்கு உன் அப்பா கண்ணும் என் நாக்கும் வராமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எப்போதும் போலப் பேசு, குரல் ஒரு இழை மாறினாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா

கேட்டேன். மாடி வீட்டுக்காரர் போனது புதன்கிழமை. மற்றதெல்லாம் அம்மா சரியாக எழுதியிருக்கிறாள்.
அப்பா